பேதி நின்று நான்காம் நாள்

இதை எழுத நான் நாலு வருஷம் தயங்கினேன். நடுவில் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். முதல் முறை எழுதிய தாளை என் மகன் எடுத்துக் கப்பல் செய்துவிட்டான். இரண்டாம் முறை நானே கிழித்துப் போட்டேன். முருகன் பேரையும் குழந்தையின் மலத்தையும் ஒரே பக்கத்தில் எழுதக் கை கூசியது. தப்பாக எழுதிவிட்டால் சாமியைக் குறை சொன்னதாகப் படிப்பார்கள். பயந்து மழுப்பி எழுதினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். எழுத்து எனக்குத் தொழில் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல மட்டும் பார்க்கிறேன்.

எனக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பு வேலை. அப்பா தெற்கே இருந்து வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் நெய்வேலி குவார்ட்டர்ஸில்தான். எந்த ஷிஃப்டாக இருந்தாலும் குளித்து, முருகன் படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசாமல் நான் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டேன். இது பெருமைக்குச் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்திலிருந்துதான் இந்த விஷயமே வருகிறது.

எங்கள் தெருவில் யார் வீட்டுக் குழந்தையாவது காரணம் தெரியாமல் அழுதால் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு தடவை ஒரு குழந்தை, நாய் குரைத்ததில் பயந்து மணிக்கணக்கில் அழுதது. நான் முருகா முருகா என்று மனசுக்குள் சொல்லி நெற்றியில் திருநீறு வைத்து, ஒரு சிட்டிகையை நாக்கில் தடவினேன். அழுகை நின்றது. அழுது களைத்து நின்றதோ, திருநீற்றில் நின்றதோ, எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எனக்குக் கைராசி என்று பேர் வந்துவிட்டது. நான் மந்திரிக்கிறவன் இல்லை. வெற்றிலை பாக்குகூட வாங்கியதில்லை.

"ஆஸ்பத்திரி ஓ.பி.யில கூட இவ்வளவு கூட்டம் இல்ல. ஒரு டோக்கன் மிஷின் வாங்கி வாசல்ல வச்சிருவோமா?" என்று என் மனைவி கேலி செய்வாள். ஆனால் எங்கள் பையன் அழுதால் அவளும் என்னிடம்தான் தருவாள்.

கொரோனா ஓய்ந்து அடுத்த வருஷம் அது. எங்கள் மகனுக்குப் பத்து மாசம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடித்த பாலை அப்படியே கக்கினான். மத்தியானத்துக்குள் தண்ணீர் தண்ணீராகப் பேதி. பக்கத்து மந்தாரக்குப்பத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்று வைரஸ் என்றார். உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் துத்தநாகச் சொட்டு மருந்தும் எழுதினார். தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்க என்றார். நான் லீவு போட்டுவிட்டு, கக்கினாலும் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஒரு ஸ்பூன் என்று கொடுத்துக்கொண்டே இருந்தேன். துணி அலசுவது, கால் கழுவிவிடுவது எல்லாம் நான்தான். பிள்ளையைத் தூக்கித் தூக்கி என் மனைவிக்கு இடுப்பு ஒடிந்து போயிருந்தது.

புதன்கிழமை பேதி நின்றது. டாக்டரிடம் காட்டினோம்.

"இனிமே பயமில்ல. ரெண்டு நாள் போகட்டும். அப்புறம் மத்த பிள்ளைங்களோட விளையாட விடலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை வேப்பிலை போட்டுக் காய்ச்சின தண்ணீரில் மஞ்சள் கரைத்துப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினாள் என் மனைவி. அம்மை இறங்கினால் செய்வோமே, அதே மாதிரி. எங்களுக்குத் தலைக்குத் தண்ணீர் விட்டாச்சு என்றால் நோய் வீட்டை விட்டுப் போயாச்சு என்று அர்த்தம். படுக்கையைத் துவைத்தோம். வாசல் தெளித்தோம். டாக்டர் சொன்ன ரெண்டு நாளும் முடிந்தது, நம் வழக்கப்படியும் முடிந்தது. இரண்டு கணக்கும் ஒத்துப் போனதில் எனக்கு ஒரு திருப்தி.

மறு ஞாயிறு. பேதி நின்று நான்காம் நாள். காலையில் மகன் வெளிக்குப் போனான். கெட்டியாகத்தான் போனான். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பின்பக்கக் குழாயடியில் கழுவிவிட்டு, என் கையையும் தண்ணீரில் அலசினேன். சோப்பு உள்ளே பாத்ரூமில் இருந்தது. எடுக்கப் போவதற்குள் வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அண்ணே! வூட்ல இருக்கீங்களா? காத்தாலேர்ந்து அழுதுகினே இருக்குதுண்ணே. ஒரு திருநீறு போட்டு வுடுங்க."

பக்கத்து வீட்டுத் தம்பி. எங்களுடையது ஒட்டு வீடு. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அவனுக்குச் சொந்த ஊர் இந்தப் பக்கம்தான், பண்ருட்டிக்குப் போகிற வழியில். அவன் தோளில் ஏழு மாசத்து மகள் கத்திக்கொண்டிருந்தாள். அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்தவள். பின்னாலேயே அவன் மனைவி. "பல்லு மொளைக்குது, அதுக்குத்தான் அழுவுது. சொன்னா இந்த ஆளு கேட்டாத்தான?" என்று அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

நான் உள்ளே போனேன். சாமி அலமாரிக்குக் கீழே, கொரோனா சமயத்தில் வாங்கிவைத்த சானிடைசர் பாட்டில் இருந்தது. இரண்டு தடவை அமுக்கி நன்றாகத் தேய்த்துக்கொண்டேன். அதை நினைத்துத்தான் இன்றைக்கும் குழம்புகிறேன். அசட்டையாக இருந்திருந்தால் அசட்டை என்று ஒத்துக்கொண்டு போய்விடுவேன். நான் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் தேய்த்தேன். இரண்டு வருஷமாக டிவியிலும் சுரங்க கேட்டிலும் கேன்டீனிலும் அதைத்தானே செய்யச் சொன்னார்கள்?

திருநீற்றை நெற்றியில் வைத்தேன். ஒரு சிட்டிகையை நாக்கில் தடவினேன். குழந்தை என் விரலை விடவில்லை. கீழ் ஈறில் புதிதாக முளைத்த இரண்டு பல்லால் கவ்விச் சப்பத் தொடங்கினாள். அழுகை நின்றுவிட்டது.

"பாத்தியா! கையி பட்டதும் நின்னுச்சு" என்றான் தம்பி.

"கையி பட்டு எங்க நின்னுச்சு, அண்ணன் வெரல திங்குது உன் பொண்ணு" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தோம். நானும் விரலை எடுக்கவில்லை. சப்பட்டும் என்று விட்டுவைத்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தக் குழந்தை கக்கியது. ராத்திரிக்குள் பேதி. புதன் காலையில் கண் உள்ளே போய், உச்சிக்குழி பள்ளமாகி, அழக்கூடத் தெம்பு இல்லாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அவ்வளவு சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள் என்று என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படியில் நின்று அழுதாள்.

தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தொட்டித் தண்ணீர் என்றார்கள். புது மாவு பாக்கெட் என்றார்கள். போன வாரம் கல்யாணத்துக்குத் தூக்கிப் போனார்களே, கண் பட்டுவிட்டது என்றார்கள். என் பேரை யாரும் சொல்லவில்லை. யாருக்கும் அப்படி ஒரு நினைப்பே இல்லை.

எனக்கும் முதலில் இல்லை. அன்று பெல்ட் பக்கம் ரோலர் மாற்றிக்கொண்டிருந்தோம். கையில் கிரீஸ். டிபன் நேரத்தில் கூட இருந்தவர் சோப்புத்தூளைக் கொட்டித் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "கிரீஸ் பார்த்தா தெரியாது, நக இடுக்குல ஒளிஞ்சிகினு இருக்கும்" என்றார். திறந்த டிபன் டப்பாவை மூடி வைத்தேன். நான் ஞாயிற்றுக்கிழமை கழுவியது சோப்பில்லாமல். சப்பியது அதே விரல். ஆனால் என் பையனுக்குத்தான் நின்றுவிட்டதே? தலைக்கு ஊற்றியாச்சே? டாக்டரே ரெண்டு நாள் என்றாரே? விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. எப்படி எண்ணினாலும் ரெண்டு நாள் தாண்டித்தான் வந்தது.

ஷிஃப்ட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்குள் போகத் தைரியம் வரவில்லை. வெளியே நின்ற ஒரு நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"மேடம், எங்க சொந்தக்காரர் ஒருத்தர் கேக்கச் சொன்னாரு. கைப்பிள்ளைக்குப் பேதி நின்னுபோச்சுன்னா, அதுக்கப்புறமும் மத்த பிள்ளைக்கு ஒட்டுமா?"

அந்தம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க சொந்தக்காரர் பிள்ளைக்கு எப்ப நின்னுச்சு?"

"நாலு நாள் ஆயிருந்துச்சுங்க அப்ப."

"ஒட்டலாம். பிள்ளை தேறிடும், சிரிக்கும், சாப்பிடும். ஆனா மலத்துல கிருமி போய்க்கிட்டேதான் இருக்கும். ரெண்டு வாரம் வரைக்கும்கூட இருக்கும். சின்னக் குழந்தைங்களுக்குச் சிலசமயம் அதுக்கு மேலயும்."

"கெட்டியாத்தான் போச்சுங்க."

"கெட்டியா போனாலும்தான். கண்ணுக்குத் தெரியாதுங்க."

"சானிடைசர் போட்டாருங்க அவரு. நல்லா தேய்ச்சு."

"இந்த வயித்து வைரஸ் எல்லாத்துக்கும் அது போதாது. சோப்பு போட்டு, ஓடுற தண்ணியில, நக இடுக்கெல்லாம் தேய்ச்சுக் கழுவணும். உங்க சொந்தக்காரர்கிட்ட சொல்லுங்க." வார்டுக்குள் போகத் திரும்பியவர், "முகத்தைக் கழுவிட்டு வீட்டுக்குப் போங்க. வேர்த்து ஊத்துது உங்களுக்கு" என்றார்.

வீட்டுக்குப் போகவில்லை. மந்தாரக்குப்பத்து டாக்டரிடம் போய் வரிசையில் உட்கார்ந்தேன். எனக்கு அவர் மேல் கோபம்கூட இருந்தது. ரெண்டு நாள் என்றவர் ரெண்டு வாரம் என்று சொல்லியிருந்தால்? உள்ளே போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திருநீறு, விரல், எல்லாம்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "ரெண்டு நாள்னு நான் சொன்னது, பிள்ளைங்களோட பழக விடறதுக்கு. வாந்தி பேதி இருக்கும்போதும், நின்ன முதல் ரெண்டு நாளும்தான் அதிகமா பரவும். அதுக்கப்புறம் குறைஞ்சுகிட்டே போகும். ஆனா ஒரேயடியா இல்லாம போயிடாது. மலம் கழுவின கைக்கு ரெண்டு நாள் கணக்கு கிடையாது, ரெண்டு வாரமாவது சோப்பு போடணும். சொல்லப்போனா எப்பவுமே போடணும்."

"அப்ப என் கையிலருந்துதான் போச்சா சார்?"

"இருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாமா?"

"இருக்கலாம். இந்த வாரம் மட்டும் இதே மாதிரி எத்தனையோ பிள்ளைங்க என்கிட்ட வந்திருக்கு. அது கல்யாணத்துக்கு வேற போச்சுங்கறீங்க. யார்கிட்டயிருந்து யாருக்குன்னு என்னால சொல்ல முடியாது." பிறகு எழுந்து என்னை அனுப்பும்போது, "அந்த வயசுப் பிள்ளை வாயில எதையும் வைக்காதீங்க. நெத்தியில வைங்க, யாரு வேணாங்கறா?" என்றார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். என் மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. என் கையால்தான் என்றால் அழுது தீர்த்துவிடலாம். இல்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். இருக்கலாம் என்றால் என்ன செய்வது? இன்னொன்றும் உறுத்தியது. அந்தச் சிட்டிகை முருகன் சந்நிதியில் வாங்கியது. அதை வைக்கும்போது நான் அவன் பேரைத்தான் சொன்னேன். சாமி பேரைச் சொல்லி வைத்தது எப்படி நோயைக் கொண்டு போகும்? திருநீற்றில் நோய் இல்லை, விரலில்தான் என்று அறிவு சொல்லும். அந்த விரலை அவன் ஏன் தடுக்கவில்லை என்று உடனே இன்னொரு கேள்வி வரும். இதை ஒரு பெரியவரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை தம்பி போன் செய்தான்.

"அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. டிரிப்ஸ் ஏறிகினு இருக்குது, ஆனா கண்ணே தொறக்க மாட்டேங்குது. நீங்க வந்து திருநீறு வச்சா எனக்கு ஒரு தெம்புண்ணே."

என்ன பதில் சொல்வது? போகாவிட்டால் ஆபத்து நேரத்தில் வரவில்லை என்று ஆகும். போய், ஒன்றும் தெரியாதவன் மாதிரி திருநீறு வைத்துவிட்டு வந்தால், அந்தக் கைராசிப் பேரை நான் திருடியவன் ஆவேன். மனைவியிடம் கேட்டேன். அவளிடம் அதுவரை சொல்லாமல் வைத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

"சொன்னா அந்தப் பிள்ளைக்குச் சரியாவுமா?" என்றாள் முதலில். அப்புறம், "சொல்லாட்டி நம்மளால இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்க முடியுமா?" என்றாள். இரண்டும் சரியாகத்தான் பட்டது. திருநீற்றுப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வார்டில் குழந்தை வாடிய கீரைத்தண்டு மாதிரி கிடந்தாள். காலில் கட்டு. தாய் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி எழுந்து எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் தலைக்கு ஊற்றினதிலிருந்து தொடங்கி, சானிடைசருக்குப் போய், மறுபடி குழாயடிக்கு வந்து, நர்ஸ் சொன்னது, டாக்டர் சொன்னது என்று முன்னும் பின்னுமாக உளறினேன்.

தம்பி சிரித்துவிட்டான். "இன்னாண்ணே நீங்க! திருநீறு வச்சி யாருக்காச்சும் பேதி புடிக்குமா? நீங்க வெரல நீட்டல, எம்பொண்ணுதான் கடிச்சிச்சி. கேஸு போடணும்னா அது மேலதான் போடணும்."

அவள் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சோப்பு போடலியாண்ணே?" என்றாள்.

"போடல தங்கச்சி."

"உங்க பையனுக்கு நின்னு நாலு நாளுதான் ஆச்சுன்னு எங்ககிட்ட சொல்லக்கூட இல்லியே. நான் தூக்கியாந்திருக்கவே மாட்டனே."

"ஏய், வுடு" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. ஆறு வருஷம் நான் பட்டது உனக்கு இன்னா தெரியும்?" அவளுக்குக் குரல் உடைந்தது. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கேயிருந்து போய்விடலாமா, போனால் அது தப்பித்து ஓடுவது ஆகாதா என்று அதிலும் குழப்பம்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் பைக்குள் கைவிட்டு, ஒரு சோப்பு டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "கழுவிட்டு வாங்க. நெத்தியில மட்டும் வைங்க" என்றாள்.

வராண்டாக் குழாயில் கழுவினேன். நுரை போட்டேன், அலசினேன், திருப்தி இல்லாமல் மறுபடி போட்டேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "ஆபரேஷன் பண்ணப் போறீங்களா சார்?" என்று கேட்டார். ஈரக் கையோடு வந்தேன். பொட்டலத்தை அவளே பிரித்துப் பிடித்தாள். முருகா, என் மேல் உள்ளதை என்னோடு வை, இந்தப் பிள்ளையை விடு என்று சொல்லி நெற்றியில் வைத்தேன். குழந்தை அரைக்கண்ணைத் திறந்து பார்த்தது. என் கை முகத்துக்கு நேரே வந்ததும், பழக்கத்தில், வாயைத் திறந்தது. நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். தம்பி எப்போதும்போலப் பேசினான். அவன் மனைவி பேசப் பதினைந்து நாள் ஆனது. அந்தப் பதினைந்து நாளும் அவள் பெண்ணை யார் கையிலும் கொடுக்கவில்லை. துணியைத் தனியாகச் சோப்பில் ஊறவைத்து அலசினாள், கதவருகிலேயே சோப்பு வைத்திருந்தாள். பதினாறாம் நாள் வேலியோரம் வந்து, "அண்ணே, இன்னியோட ரெண்டு வாரம் தாண்டிடுச்சு. இன்னுமும் கையி கழுவணுமா?" என்று கேட்டாள்.

"டாக்டர் எப்பவுமே கழுவச் சொன்னாரும்மா."

"அப்ப எதுக்கு இந்த ரெண்டு நாளு, ரெண்டு வாரம் கணக்கெல்லாம்?" என்று சலித்துக்கொண்டே பெண்ணை என் மனைவியிடம் நீட்டினாள். எனக்கும் அதே சந்தேகம்தான் அம்மா என்று சொல்ல நினைத்தேன்.

ஆனால் தெருவில் விஷயம் இரண்டாகப் பிரிந்து போய்விட்டது. தம்பி சொன்னதைக் கேட்டவர்கள், கண் திறக்காத குழந்தை நான் திருநீறு வைத்ததும் கண் திறந்தது என்று பரப்பினார்கள். அடுத்த பிளாக்கிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். டிரிப்ஸ் ஏறியதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. வார்டில் என் உளறலைக் கேட்ட வேறு சிலர், திருநீற்றால்தான் குழந்தைக்குப் பேதி வந்தது, அதெல்லாம் அழுக்கு என்று சொன்னார்கள். கோயிலில் ஒருவர் என்னிடமே வந்து, "இனிமே அதெல்லாம் பூசாதீங்க சார்" என்றார். இரண்டு பேச்சிலும் என் கதை இருந்தது. இரண்டும் நான் சொன்னது இல்லை. நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். கடைசியில் எழுத உட்கார்ந்ததற்கும் அதேதான் காரணம்.

ஆகவே இதைப் படித்தவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று கேட்கிறேன். கைப்பிள்ளை உள்ள வீட்டில் இதைச் சொல்லுங்கள். பேதி நின்றாலும், தலைக்கு ஊற்றினாலும், பிள்ளை சிரித்தாலும், இன்னும் சில நாள், ரெண்டு வாரம் வரைக்கும்கூட, மலத்தில் கிருமி இருக்கும். கழுவிவிட்ட கையைச் சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டும். அந்த விரல் இன்னொரு பிள்ளையின் வாய்க்குப் போகக் கூடாது. சொல்லும்போது திருநீறு நோயைக் கொடுத்தது என்று கூட்டாதீர்கள். திருநீறு நோயைத் தீர்த்தது என்றும் கூட்டாதீர்கள். என் கையிலிருந்து போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அந்த 'இருக்கலாம்' என்பதை, உங்களுக்கு எவ்வளவு சிரமமாக இருந்தாலும், அப்படியே வைத்துச் சொல்லுங்கள்.